ஆபீசர் பதவி வேண்டாம் என்பவருக்கு: வங்கி எழுத்தராகவே இருந்துவிடத் தீர்மானிப்பது எப்படி

பொதுத்துறை வங்கி வேலைக்குப் படிப்பவர்களில் பலர் புரொபேஷனரி ஆபீசர் தேர்வையும் எழுத்தர் தேர்வையும் ஒரே ஆண்டில் எழுதுகிறார்கள். முதலாவது கைகூடாவிட்டால் இரண்டாவது என்பதுதான் வீட்டிலும் பயிற்சி வகுப்பிலும் வழங்கும் கணக்கு. இந்தக் கணக்கைத் தெரிந்தே மாற்றிப் போட்டு, எழுத்தர் வேலையையே முதல் விருப்பமாகக் கொள்ளவும், சேர்ந்த பிறகு வருகிற பதவி உயர்வுகளை ஒதுக்கிவிட்டுக் கவுன்ட்டரிலிருந்தே ஓய்வு பெறவும் விரும்புகிறவர்கள் உண்டு. அந்த விருப்பத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, முடிவெடுத்த பின் எதை எதைக் கவனிப்பது என்பதை இங்கே சொல்கிறேன். வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் 2024இல் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தத்தில் இந்தப் பணியிடத்துக்குக் ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று புதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். ஆனாலும் கிளைக்கு வருகிற பெரியவர்களுக்கு இன்றும் அவர் கிளார்க்தான், நானும் எழுத்தர் என்றே எழுதுகிறேன்.

எதை வேண்டாம் என்கிறோம் என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீசராகச் சேர்பவரை நாட்டின் எந்தப் பகுதிக்கும் மாற்றலாம். மதுரையில் பிறந்து வளர்ந்தவர் ஒடிசாவில் ஒரு கிராமக் கிளையில் முதல் சில ஆண்டுகளைக் கழிப்பதும், ஊர் பழகி மொழியும் கொஞ்சம் வசப்படும் வேளையில் வேறு மாநிலத்துக்குப் பெட்டியைக் கட்டுவதும் அந்தப் பதவியோடு சேர்ந்து வருபவை. அவருடைய வேலைக்கு மணிக்கணக்கு இல்லை. மாதக் கடைசியும் மார்ச் மாதமும் எப்படிக் கழியும் என்பதை வங்கி ஆபீசர் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவற்றையெல்லாம் விடக் கனமானது கடன் பொறுப்பு. தவணை தவறி தொண்ணூறு நாள் கடந்த கடன் வாராக்கடனாகக் கணக்கில் ஏறும். அப்போது அந்தக் கடனைப் பரிந்துரைத்தவர் யார், அனுமதித்தவர் யார், ஆவணங்களைச் சரிபார்த்தவர் யார் என்று பழைய கோப்பைப் பிரிப்பார்கள். கோப்பில் கையெழுத்திட்டவர் அதற்குள் இரண்டு ஊர் மாறியிருந்தாலும் விளக்கக் கடிதம் கேட்கும் தபால் அவரைத் தேடி வந்து சேரும். இரவில் படுத்த பிறகும் வேலையை நினைத்துக்கொண்டிருக்கும் சுபாவம் உடையவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

எழுத்தருடைய நிலை வேறு. வங்கி ஊழியர் தகராறுகளைத் தீர்க்க அரசு அமைத்த சாஸ்திரி, தேசாய் தீர்ப்பாயங்களின் காலத்திலிருந்து, நிர்வாகமும் சங்கங்களும் நேரடியாகப் பேசிச் செய்துகொள்ளும், 1966இல் தொடங்கிய இருதரப்பு ஒப்பந்தங்கள் வரை தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை இன்னும் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கின்றன. உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு ஆறரை மணி நேர வேலை, அதற்கு மேல் வேலை வாங்கினால் மிகைநேர ஊதியம், பெரும்பாலும் மாநிலத்துக்கு உள்ளேயே இடமாற்றம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஏட்டில் உள்ள ஆறரை மணி நேரம் ஆள் குறைந்த கிளையில் அப்படியே நடக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். ஆனால் நேரம் மீறும்போது கேட்பதற்கு ஒரு விதியும் ஒரு சங்கமும் இருப்பதே ஆபீசருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு.

அடுத்தது பணம். இதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. 2022 நவம்பர் முதல் அமலுக்கு வந்த ஊதிய விகிதப்படி எழுத்தரின் அடிப்படை ஊதியம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480 ரூபாயில் முடிகிறது. புதிதாகச் சேரும் முதல் நிலை ஆபீசருக்கு 48,480 ரூபாயில் தொடங்கி 85,920 ரூபாய் வரை செல்கிறது. இரண்டுக்கும் மேல் அகவிலைப்படியும் பிற படிகளும் உண்டு. ஆபீசருக்கு வங்கி செலவில் குடியிருப்பு போன்ற வசதிகளும் சேரும். எழுத்தரின் ஆண்டு உயர்வுகளைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தால், இடையில் ஊதியத் திருத்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டு முடிவில் அடிப்படை ஊதியம் 41,020 ரூபாய் ஆகிறது. ஆபீசர் சேர்ந்த அன்றே பெற்ற தொகையை எழுத்தர் தாண்டுவது பதினான்காம் ஆண்டு முடிவில்தான். பட்டதாரிகளுக்கான கூடுதல் உயர்வுகள் இதைச் சற்று முன்னுக்கு இழுக்கும். எடுத்துக்காட்டாக, பாரத ஸ்டேட் வங்கியில் பட்டதாரி எழுத்தரின் தொடக்க அடிப்படை ஊதியம் 26,730 ரூபாய்.

இந்த இடைவெளியைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். வெளிமாநிலத்தில் ஆபீசருக்கு ஆகும் இரட்டைக் குடித்தனச் செலவு, ஊருக்கு வந்துபோகும் ரயில் கட்டணம், சொந்த ஊரில் இருந்தால் மிச்சமாகும் வாடகை, கணவனோ மனைவியோ உள்ளூரில் பார்க்கும் வேலையை விட வேண்டி வந்தால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டுக் கடன், தங்கை திருமணம், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவற்றை மறுபக்கம் எழுதுங்கள். சொந்த வீடும் துணைவரின் வருமானமும் உள்ளவருக்கு இந்தக் கணக்கு எளிதாக ஒத்துவரும். குடும்பத்தில் ஒருவரே சம்பாதிக்க வேண்டிய நிலையில் உள்ளவருக்கு முதல் பத்தாண்டு இறுக்கமாகத்தான் இருக்கும். அவர் இந்த முடிவைத் தள்ளிப்போடுவதே நல்லது. 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அதில் சேரும் தொகை ஊதியத்தின் விகிதம் என்பதால் சிறிய ஊதியம் ஓய்வுக்காலத்தையும் சிறுக்க வைக்கும். ஆகவே எழுத்தராகவே இருக்க முடிவு செய்பவர் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தனியாகவும் சேமித்தாக வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கவும். எழுத்தர் காலியிடங்கள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன; ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், அந்த மாநில மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு தமிழ்நாட்டில் இடம் குறைவு என்பதற்காகப் பக்கத்து மாநிலத்தைத் தேர்வு செய்தால், ஊரோடு இருக்கலாம் என்ற அடிப்படைக் காரணமே அடிபட்டுப்போகும். பிறகு மாநிலம் மாறி வருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். இரண்டு தேர்விலும் தேறிவிட்டவர் ஆபீசராகச் சேர்ந்து பார்த்துவிட்டு இறங்கி வரலாம் என்று எண்ணக் கூடாது. ஆபீசராகச் சேர்பவரிடம் பல வங்கிகள் குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதி வாங்குகின்றன. இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும். பணி ஆணையில் கையெழுத்திடும் முன்பே மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எளிய வேலை என்றதும் பிழைக்கு இடமுள்ள வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேஷ் கவுன்ட்டரை ஒரு மாலை நேரத்தில் பாருங்கள். கதவு சாத்தியாகிவிட்டது; ஐந்நூறு, இருநூறு, நூறு எனத் தாள்கள் பிரிக்கப்பட்டு, நூறு தாள் ஒரு பாக்கெட்டாகவும் பத்து பாக்கெட் ஒரு பண்டலாகவும் எண்ணும் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணினி ஒரு தொகையைச் சொல்கிறது, மேசையில் இருப்பது அதைவிட ஐந்நூறு ரூபாய் குறைகிறது. காலையிலிருந்து வந்த சலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, வாடிக்கையாளர் எழுதிய தாள் விவரத்தோடு ஒப்பிட்டு, இழுப்பறையையும் குப்பைக் கூடையையும் துழாவிப் பார்த்து, அப்படியும் கிடைக்காவிட்டால் கேஷியர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக் கணக்கை நேராக்குகிறார். கவனிக்காமல் வாங்கிவிட்ட கள்ள நோட்டும் அவர் தலையில்தான் விழும். ஆனால் கணக்கு நேரானதும் பணம் பெட்டகத்துக்குள் போய், ஹெட் கேஷியரும் ஆபீசரும் ஆளுக்கொரு சாவியால் பூட்டிவிட்டால் அன்றைய வேலை அன்றோடு தீர்ந்தது. அன்றைய பொறுப்பு அன்றே முடிகிற இந்த ஒழுங்குக்காகத்தான் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறோம். விழிப்போடு எண்ணுவதும், அவசரப்படுத்துகிறவரிடம் பதறாமல் இருப்பதும் இயல்பாக வராதவர் இதை எளிது என்று சொல்ல மாட்டார். காப்பீட்டுப் பாலிசி விற்கச் சொல்லும் நெருக்கடி இப்போது எழுத்தர் வரைக்கும் இறங்கியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சேர்ந்து சில ஆண்டுகள் கழிந்ததும் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வரத் தொடங்கும். தேர்வு வழியாக நடக்கும் பதவி உயர்வுக்கு விருப்பம் தெரிவித்தவர்களே அழைக்கப்படுவார்கள் என்பதால், விண்ணப்பிக்காமல் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது. காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை. நண்பர்கள் எழுதுகிறார்களே என்று தானும் எழுதித் தேறிவிட்டு, ஊர் பெயரைப் பார்த்த பிறகு மறுப்பதுதான் சிக்கலை உண்டாக்கும். அப்படி மறுத்தவர்களை அடுத்த சில ஆண்டுகளுக்கு அழைக்காமல் விலக்கி வைக்கும் விதி பல வங்கிகளில் உண்டு. கால அளவு வங்கிக்கு வங்கி வேறுபடும். சங்க அலுவலகத்தில் உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையைக் கேட்டு வாங்கி ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள். மறுக்க வேண்டி வந்தால் எழுத்து மூலம், குறித்த தேதிக்குள், குடும்பக் காரணம் என்ற ஒரே வரியில் மறுத்து, நகலை வைத்துக்கொள்ளவும்.

ஆபீசர் பதவியை மறுப்பவர் எல்லா உயர்வையும் மறுக்க வேண்டும் என்பதில்லை. ஹெட் கேஷியர், ஸ்பெஷல் அசிஸ்டன்ட் போன்ற பொறுப்புகளுக்குத் தனி ஊதியம் உண்டு. அவை எழுத்தர் பிரிவுக்கு உள்ளேயே இருப்பவை. ஆனால் அவற்றை ஏற்கும்போது பக்கத்து ஊர்க் கிளைக்கு மாற நேரலாம் என்பதால் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். வங்கி ஊழியர்களுக்கென நடத்தப்படும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற தொழில்முறைத் தேர்வுகளில் தேறினால் எழுத்தராக இருந்தபடியே கூடுதல் ஊதிய உயர்வு கிடைக்கும். இவற்றைப் பதவி உயர்வுக்கான படிக்கட்டு என்று எண்ணிப் பலர் தொடுவதே இல்லை. சேர்ந்த முதல் சில ஆண்டுகளுக்குள் முடித்துவிட்டால் அந்த உயர்வு பணிக்காலம் முழுவதும் கூடவே வரும்.

வீட்டில் சொல்வது தனி வேலை. “படிச்சுட்டு கிளார்க்காவே இருக்கப் போறியா?” என்று அப்பா கேட்பார், வரன் பார்க்கும் இடத்தில் ஆபீசரா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இதற்குத் தத்துவம் பேசிப் பயனில்லை. மேலே சொன்ன கணக்குத் தாளைக் காட்டுங்கள். எந்த ஊரில் இருப்போம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம், மாதம் எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்றையும் எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். திருமணப் பேச்சிலும் பதவி உயர்வுக்குப் போகப் போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறைத்தவர்கள் ஒவ்வொரு சுற்றறிக்கையின்போதும் வீட்டில் அதே வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது இருபத்தேழு வயது மேலாளர் வந்து அமர்வார். பாஸ்புக் பதிவிலிருந்து லாக்கர் விதிகள் வரை உங்களைக் கேட்டே செய்வார், குறை வந்தால் உங்கள் மேல் கோபமும் கொள்வார். அவரை ‘சார்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்க நா கூசுமானால் இந்த முடிவு உங்களுக்கு ஏற்றதல்ல. அந்தக் கசப்போடு இருபது ஆண்டு கவுன்ட்டரில் உட்காருவதைவிட ஒடிசாவே மேல். அப்படிக் கூசாதவர்களும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை முடிவை மறுபடி எடைபோட வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமை முடிந்தபின், ஊரை விட்டு நகரலாம் என்று சிலருக்குத் தோன்றும். பதவி உயர்வுக்கான சேவைக்கால, வயது வரம்புகளை அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பார்த்துக் குறித்து வைத்திருந்தால், கதவு எந்த ஆண்டு வரை திறந்திருக்கும் என்பது அப்போது தெரிந்திருக்கும்.