கறிவேப்பிலையைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கோடை பிறந்ததும் தமிழ்க் கடைகளின் வாசலில் கறிவேப்பிலைக் கன்றுகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை வாங்குகிறவர்களில் பலர் அடுத்த கோடையிலும் அதே கடைக்கு இன்னொரு கன்று வாங்க வருகிறார்கள். வாங்கிய கன்று எங்கே என்று கேட்டால், "குளிரிலே பட்டுப்போச்சு" என்பார்கள். வெளியே விட்டீர்களா என்று கேட்டால், இல்லை, வீட்டுக்குள்ளேதான் இருந்தது என்பார்கள்.

புதியவர்கள் செய்யும் பிழைகளைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு எழுவதில்லை. பெரும்பாலானவை நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். உறைபனியில் விட்டால் செடி செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கதகதப்பான வீட்டுக்குள் இருந்தும் செடி ஏன் சாகிறது என்பதே இங்கு விடயம்.

உறைபனி வரும்வரை காத்திருத்தல்

கறிவேப்பிலை, தோடையும் எலுமிச்சையும் சேர்ந்த குடும்பத்துச் செடி. நன்றாகத் துளிர்க்க அதற்கு 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே இறங்கினால் துளிர் மொட்டுகள் ஒடுங்கிவிடும். பத்துப் பாகைக்குக் கீழான இரவுகள் தொடர்ந்து வந்தால், உறைபனி விழாமலேயே இளந்தளிர்கள் காயப்படும். இந்தக் காயம் உடனே கண்ணுக்குத் தெரியாது. சில நாட்கள் கழித்து, செடி வீட்டுக்குள் வந்த பிறகுதான் இலை கறுத்து உதிரத் தொடங்கும் என்பதால், பழி வீட்டின் மேல் விழுகிறது.

ரொறன்ரோவின் புறநகர்களில் முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்டோபரில் விழும். ஆனால் செப்டெம்பர் நடுப்பகுதியைத் தாண்டியதுமே இரவுகள் பத்துப் பாகையைத் தொடத் தொடங்கிவிடுகின்றன. வானிலை அறிவிப்பில் இரவு வெப்பநிலை 12 பாகை என்று கண்டதும் செடியை உள்ளே எடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் வெப்பமூட்டி இன்னும் ஓடத் தொடங்கியிராது, யன்னல்களும் திறந்திருக்கும். ஆகவே உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வேறுபாடு இராது. ஒக்டோபர் கடைசியில், ஐந்து பாகைக் குளிரில் நின்ற செடியை 22 பாகை உலர்ந்த அறைக்குள் ஒரே நாளில் தூக்கி வைத்தால் அது இலை கொட்டாமல் என்ன செய்யும்?

சூட்டுக் காற்றுத் துவாரத்தின் மேல் வைத்தல்

ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்து வீடுகளில் பெரும்பாலானவற்றில் நிலக்கீழறையில் உள்ள உலை காற்றைச் சூடாக்கிக் குழாய்களின் வழியே அனுப்புகிறது. அந்தக் காற்று வெளிவரும் துவாரங்கள் அநேகமாக யன்னலுக்கு நேர்கீழே தரையில் இருக்கும். மேலே வெயில், கீழே சூடு, இதைவிட நல்ல இடம் எது என்று நினைத்துச் செடியை அங்கேயே வைத்துவிடுகிறார்கள். உலை ஓடும்போது அந்தத் துவாரத்தில் வரும் காற்று 40 பாகையைத் தாண்டும். உலை நின்றதும் அதே இடம் யன்னல் கண்ணாடியின் குளிருக்குத் திரும்பும். ஒரே இரவில் இந்த ஏற்ற இறக்கம் பலமுறை நிகழும். போதாததற்கு, குளிர்காலத்தில் வீட்டுக் காற்றின் ஈரப்பதன் 30 விழுக்காட்டுக்கும் கீழே போவது இங்கே வழமை. அந்த உலர்ந்த சூட்டில் சிலந்திப் பேன் பெருகும். இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய வலை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

செடியை வேறு இடத்தில் வைக்க வசதியில்லை என்றால், காற்றைத் திசைதிருப்பும் பிளாஸ்ரிக் மூடி ஒன்றை வாங்கித் துவாரத்தின் மேல் பொருத்துங்கள். விலை அதிகமில்லை.

திரைச்சீலை

இரவில் திரையை மூடும்போது செடி அறையின் பக்கம் இருக்க வேண்டும், கண்ணாடியின் பக்கம் அல்ல.

சுவரில் தெரியும் எண்ணை நம்பித் தண்ணீர் விடுதல்

மற்றத் தவறுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், இதை என்னால் அப்படி விட முடியவில்லை. ஒன்றிரண்டு வயதுக் கன்றுகளை மட்டுமல்ல, ஆளுயரத்துக்கு வளர்ந்த மரங்களையும் கொல்வது இதுதான். செய்கிறவர்கள் அலட்சியக்காரர்களும் அல்லர். செடியின் மேல் மிகுந்த அக்கறை உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள்.

ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் வசிக்கும் உறவுக்கார மாமி ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மண்சாடியில் ஒரு கறிவேப்பிலை மரம் வளர்த்திருந்தார். அந்தத் தெருவில் யார் வீட்டில் விசேடம் என்றாலும் கறிவேப்பிலை அங்கிருந்துதான் போகும். பிறகு வீடு மாறினார்கள். புதிய வீட்டில் மரத்தைப் பின்பக்கக் கண்ணாடிக் கதவின் அருகே ஓட்டுத் தரையில் வைத்தார். ஜனவரியில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. என்னை அழைத்து, "தம்பி, வீடு இருபத்திரண்டிலைதான் இருக்கு, பிறகேன் இது கொட்டுது?" என்று கேட்டார். நான் போய்ப் பார்ப்பதற்குள் அங்கு வந்து போன ஒவ்வொருவரும் "தண்ணி காணாது போல" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியும் தண்ணீரைக் கூட்டியிருக்கிறார். இலை மேலும் உதிர, மேலும் தண்ணீர் விட்டிருக்கிறார். இடையில் யாரோ பசளையும் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

இறைச்சி வேகும் பதம் பார்க்கும் வெப்பமானியை மண்ணுக்குள் செருகிப் பார்த்தேன். வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான, சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் 22 பாகை என்று காட்டிக்கொண்டிருக்க, சாடி மண் 11 பாகையில் இருந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் வீட்டின் நடுவே, நெஞ்சளவு உயரத்தில், உட்சுவரில் இருக்கிறது. அது அளப்பது அங்குள்ள காற்றை மட்டுமே. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையோடு பரவும். செடியின் சாடி அந்த ஓட்டத்திலேயே நிற்கிறது. ஓட்டுத் தரை தன் பங்குக்கு அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். மண்சாடி என்றால் இன்னும் மோசம்: மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, நனைந்த மண்சாடியின் பக்கங்களில் ஈரம் ஆவியாக ஆவியாக உள்ளே உள்ள மண் அறைக் காற்றையும்விடக் குளிர்ந்துவிடும். உலர்ந்த குளிர்கால வீட்டில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆக, மாமி தண்ணீரைக் கூட்டக் கூட்ட மண்ணின் குளிரும் கூடிக்கொண்டே போனது.

குளிர்ந்த மண்ணில் வேரால் தண்ணீரை எளிதில் எடுக்க முடியாது. 10 பாகையில் தண்ணீரின் பாகுத்தன்மை 25 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வேரின் உயிரணுச் சவ்வுகளும் குளிரில் தண்ணீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. மேலே இலைகளோ 22 பாகை உலர்ந்த காற்றில் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. எனவே, ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. அந்த வாட்டத்தைப் பார்த்து நாம் தண்ணீர் விடுகிறோம். பயன்படாத தண்ணீர் மண்ணில் தேங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. பிதியம் போன்ற அழுகல் நுண்ணுயிர்களுக்கு அதுவே நல்ல காலம். பெப்ரவரி முடிவதற்குள் மாமியின் மரம் அடித்தண்டிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மண்ணிலிருந்து புளித்த வாடை வீசியது. பத்து ஆண்டு மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

எனக்கு எரிச்சல் தருவது, இதைச் சொன்ன பிறகும் அடுத்த குளிர்காலத்தில் வேறொரு வீட்டில் அதே "தண்ணி காணாது" என்ற தீர்ப்பைக் கேட்க நேர்வதுதான். இலை உதிர்வதைக் கண்டால் தண்ணீர்க் குவளையைத் தொடுவதற்கு முன், வெப்பமானியைக் கையில் எடுக்க வேண்டும். அதிகாலையில், வீடு மிகக் குளிர்ந்திருக்கும் வேளையில், சுட்டுவிரல் நீளத்துக்கு மண்ணுக்குள் செருகிப் பாருங்கள். 18 பாகைக்கு மேல் இருந்தால் மேல்மண் உலர்ந்ததும் வழமைபோலத் தண்ணீர் விடலாம். 15 பாகைக்குக் கீழே இருந்தால் தண்ணீரை நிறுத்தி, முதலில் மண்ணைச் சூடாக்க வழி பார்க்க வேண்டும். பசளையைப் பற்றி ஏப்ரல் வரை நினைக்கவே வேண்டாம்.

மண்ணைச் சூடாக்குவது பெரிய வேலையில்லை. சாடியைத் தரையிலிருந்து எடுத்து முழங்கால் உயர முக்காலி ஒன்றின் மேல் வையுங்கள். கண்ணாடியிலிருந்து முழ தூரமாவது தள்ளி வையுங்கள். சாடிக்கு அடியில் மரப்பலகையோ தடித்த நுரைத் தட்டோ கொடுங்கள். இவை மட்டுமே மண்ணின் வெப்பநிலையைக் கண்கூடாக உயர்த்தும். விதை முளைக்க வைக்கப் பயன்படும் சூட்டுப் பாயையும் அடியில் விரிக்கலாம். ஆனால் அதற்குத் தனி வெப்பக் கட்டுப்பாடு வைத்து 22 பாகைக்கு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி வேர் காய்ந்துபோகும். மண்சாடியின் அழகை விட மனமில்லாதவர்கள் செடியைப் பிளாஸ்ரிக் சாடியில் நட்டு, அதை மண்சாடிக்குள் இறக்கி வைக்கலாம்.

அரை உறக்கத்தில் வைத்திருத்தல்

டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அதுவும் பெரும்பாலும் மேகமூட்டம். அந்த வெளிச்சத்தில் செடியை 24 பாகையில் வைத்தால் அது வளர முயன்று, வெளிறிய இலைகளோடு நெட்டையாக நீளும். வளர்ப்பு விளக்கு வாங்கி நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வெளிச்சம் கொடுக்க ஆயத்தமாக இருப்பவர்கள் 21 முதல் 24 பாகை வரை வைத்துச் செடியை வளரவிடலாம். மற்றவர்கள் அதை 15, 16 பாகையில், குறைந்த தண்ணீரில் உறங்கவிடுவதே மேல். அப்போது இலைகளில் பாதியோ முழுவதுமோ உதிரக்கூடும். உதிரட்டும். இரண்டையும் கலந்து, வெளிச்சமில்லாத சூட்டிலோ நீர் மிகுந்த குளிரிலோ வைத்திருப்பதுதான் தவறு.

மொட்டையாக நிற்கும் செடியை எறிந்துவிடுதல்

நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தாலும் அடியில் பச்சை இருக்கக்கூடும் என்பதால் கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். மே மாத இறுதிவரை பொறுத்திருங்கள்.

குழாய்த் தண்ணீர்

ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் தண்ணீர் பெப்ரவரியில் கை விறைக்கும் குளிரில் இருக்கும். முதல் நாளே வாளியில் பிடித்து அறையில் வையுங்கள்.

ஜனவரியில் செடி வாங்குதல்

வாங்காதீர்கள். கடை வாசலிலிருந்து கார்வரை நடக்கும் தூரமே இலைகளைக் கொல்லப் போதுமானது.

ஏப்ரல் வெயிலில் ஏமாறுதல்

ஏப்ரலில் ஒரு வாரம் 20 பாகை வெயில் அடித்ததும் எல்லோருக்கும் செடியை வெளியே தூக்கும் ஆசை வந்துவிடும். பகல் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. மே மாதத்திலும் இந்தப் பகுதியில் உறைபனி விழுவதுண்டு. இவ்வூர்த் தோட்டக்காரர்கள், மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்ரோறியா நாளுக்குப் பிறகே தக்காளியும் மிளகாயும் நடுவார்கள். கறிவேப்பிலைக்கு அதுவும் சற்று முந்தியதே. இரவுகள் தொடர்ந்து 12 பாகைக்கு மேல் நிற்கத் தொடங்கிய பிறகு, அநேகமாக ஜூன் முதல் வாரத்தில், வெளியே எடுக்கலாம்.

அப்போதும் நேரே வெயிலில் வைக்கக் கூடாது. மாதக்கணக்காகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இலை முதல் நாள் மதிய வெயிலிலேயே வெளுத்துவிடும். ஒரு வாரம் நிழலிலும், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் வைத்துப் பழக்க வேண்டும். கடையில் தந்த கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியோடு சீமெந்துத் தரையில் வைத்தால், ஜூலை வெயிலில் சாடியின் பக்கவாட்டு மண் 40 பாகையைத் தாண்டி வேர் வெந்துபோகும். குளிர்காலத்தில் விலக்கி வைத்த அந்த மண்சாடியை இப்போது எடுக்கலாம். ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விக்கும் அதன் இயல்பு கோடையில் செடிக்கு நல்லதுதான்.