பட்டறைப் படிப்பு, பாட்டுப் படிப்பு: பெங்களூரில் சேரும் முன் சறுக்கும் இடங்கள்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கூடிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சொந்தங்கள் பையனுக்கு பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது தொழில் படிப்பு கிடைக்குமா என்று கேட்டு வருவார்கள். ஸ்ரீராமபுரத்து அக்கம்பக்கத்தார் பெண்ணைக் கீபோர்டில் சேர்க்கலாமா, பையனை சவுண்ட் இன்ஜினியரிங்கில் விடலாமா என்று கேட்பார்கள். நான் பீன்யாவில் லேத் என்கிற கடைசல் மெஷினில் வேலை பார்க்கிறவன், என் மனைவி வீணை சொல்லிக் கொடுக்கிறவள். அதனால் இரண்டு கேள்வியும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டுக் கேட்டு ஒன்று புரிந்தது. இரும்புக்கு வருகிறவர்களும் இசைக்கு வருகிறவர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் படிப்பின் பெயரைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் கை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மெஷின் மேலோ வாத்தியத்தின் மேலோ இருக்கும் என்று கேட்பதே இல்லை.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். என் அக்கா மகனை மூன்று மாத வெல்டிங் பயிற்சி என்று ஓர் இடத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஏசி ரூம், ப்ரொஜெக்டர், கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் ஜோராக இருந்தது. முடித்துவிட்டு வந்தவனை எங்கள் பட்டறையில் ஒரு தகட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலாக ஓட்டச் சொன்னேன். உருகிய இரும்பு மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து இறங்கியது. “மாமா, அங்க தினமும் நாலு ராடுதான் குடுத்தாங்க. அதுவும் படுக்கப் போட்டுத்தான் ஓட்டினோம்” என்றான். வெல்டிங்கில் உருக்கி ஓட்டும் கம்பிதான் ராடு; நாலு ராடில் என்ன வரும்? கை நடுக்கம்கூடப் போகாது.

வெல்டிங்கில் தகட்டைப் படுக்கவைத்து ஓட்டுவது 1ஜி, செங்குத்தாக நிறுத்தி ஓட்டுவது 3ஜி, குழாயை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவைத்து, அதைத் திருப்பாமல் நாமே சுற்றி வந்து ஓட்டுவது 6ஜி. பைப்லைன், பாய்லர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதில்தான் சோதிப்பார்கள். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டியது: ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு, எந்த பொசிஷன் வரை, ஒரு பூத்துக்கு எத்தனை பேர். 7018 என்ற எண் கொண்ட ராடைக் காயவைக்க ஓவன் இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். அந்த ராடு ஈரம் உறிஞ்சினால் ஹைட்ரஜன் உள்ளே போய், ஆறிய பிறகு ஜாயின்ட் விரிசல் விடும். ஓவன் இல்லாத இடத்தில் இந்தப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடும்.

அடுத்த தவறு, அரத்தைக் கேவலமாக நினைப்பது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் இரண்டு வருஷப் படிப்பு. ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் அரம் தேய்ப்பு, ஹாக்ஸா, மார்க்கிங்தான். “இந்தக் காலத்துல போய் இதையா?” என்று பெற்றோரே சலித்துக்கொண்டு, ஆறு மாத சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) படிப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரு தகட்டைத் தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், முடி அளவு வெளிச்சம் கசியும். அந்தக் கசிவு அடங்கும்வரை மறுபடி மறுபடி தேய்த்தவனுக்குத்தான் 0.02 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று கைக்குத் தெரியும். அது தெரியாமல் சி.என்.சி. முன்னால் நிற்பவனுக்கு மெஷின் காட்டுவது வெறும் எண்.

எண் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சி.என்.சி. மெஷினை இயக்கும் ஃபானக் கம்பெனி கண்ட்ரோல்கள் பலவற்றில், டூல் போக வேண்டிய இடத்தை எக்ஸ்50 என்று அடித்துத் தசமப் புள்ளி வைக்க மறந்தால், மெஷின் அதை 50 மில்லிமீட்டராக எடுக்காது, 50 மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். அதாவது 0.05 மில்லிமீட்டர். வெட்டும் டூல், ஜாபின் (கடையும் இரும்புத் துண்டின்) நடு மையத்தை நோக்கிப் பாயும். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இது ஒரு சிவப்பு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். உண்மையான மெஷினில் டூல் உடைந்துபோகும், சில நேரம் டூலைத் தாங்கும் டரட்டே இடம் நகர்ந்துவிடும். சிமுலேட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பது பையன்களுக்கு ஒரே ஒரு மெஷின், அதையும் மாஸ்டர்தான் தொடுவார் என்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

சான்றிதழில் வரும் குழப்பம் இன்னொரு ரகம். “எங்க காலேஜ் அங்கீகாரம் பெற்றது” என்பார்கள். சரி, எந்த டிரேடுக்கு, அதாவது எந்தத் தொழில் பிரிவுக்கு? தேசியச் சான்றிதழ் டிரேடு டிரேடாகத்தான் வரும். அதே கட்டடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு இருக்கும், வெல்டருக்கு இருக்காது. இன்னமும் எல்லோரும் என்.சி.வி.டி. என்றே சொல்லும் தேசியச் சான்றிதழா, மாநில அளவிலான எஸ்.சி.வி.டி.யா என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பு எத்தனை வருஷம் என்பதிலும் கவனம் வேண்டும். வெல்டர் ஒரு வருஷம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டு வருஷம். ராஜாஜிநகர் அரசு டூல் ரூமில் டூல் அண்டு டை (கருவி, அச்சு செய்யும் தொழில்) டிப்ளமோ மூன்று வருஷம் போக இன்னும் ஒரு வருஷம் தொழிற்சாலைப் பயிற்சி. மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கியவர்கள் நாலாம் வருஷம் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம் என்பது இன்னமும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அப்ரண்டிஸை விட்டுவிடுவதுதான் எனக்கு அதிகமாக வயிறு எரிகிற தவறு. தொழிற்சாலையிலேயே வேலை செய்துகொண்டு கற்கும், 1961-ஆம் வருஷச் சட்டப்படி நடக்கும் பயிற்சி அது. உதவித்தொகை குறைவுதான். பக்கத்துப் பட்டறையில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று பையன் அங்கே போய்விடுவான். நாலு வருஷம் கழித்து ஒரு பொதுத்துறை அறிவிப்பில் அப்ரண்டிஸ் சான்றிதழ் கேட்கும்போது முழிப்பான்.

பாட்டுப் பக்கம் வருவோம்.

இங்கே பெற்றோருக்கு ஒரு மயக்கம்: லண்டன் என்று அச்சடித்த சான்றிதழ் பெரியது, கர்நாடக அரசின் ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகள் சின்னது. இரண்டும் வெவ்வேறு பாதை. பியானோ, கிதாருக்கு லண்டன் போர்டுகளின் கிரேடு தேர்வு பொருந்தும். வீணை, வயலின், வாய்ப்பாட்டு என்று கர்நாடக சங்கீதத்தில் போகிற பிள்ளைக்கு மாநிலத் தேர்வுதான் வழி. கிரேடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த போர்டுகளில் ஒன்றான ஏ.பி.ஆர்.எஸ்.எம். முறையில் ஐந்தாம் கிரேடுக்கு மேல் வாசிப்புத் தேர்வு எழுத வேண்டுமானால், ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு ஈடான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். இன்னொரு லண்டன் போர்டான டிரினிட்டியில் இந்த நிபந்தனை கிடையாது. முதல் ஐந்து வருஷம் தியரியைத் தொடாமலே வாசிக்கவைத்துவிட்டு ஆறாம் கிரேடு வாசலில் நிறுத்தும் வாத்தியார்கள் உண்டு. எந்த போர்டு என்று முதல் நாளே கேளுங்கள்.

குழு வகுப்பில் எல்லோரையும் ஒரே சுருதியில் பாடவைப்பது இன்னொரு கோளாறு. கட்டை என்பது சுருதியின் உயரம். ஐந்து கட்டையில் பாட வேண்டிய பெண்ணும், குரல் உடைந்து ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிவிட்ட பையனும் ஒரே ஸ்ருதிப் பெட்டிக்குக் கத்தினால், ஒருவருக்குத் தொண்டை போகும், ஒருவருக்குக் காது போகும். என் மனைவி புதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது பெயர் கேட்கும் முன்னால் கட்டையைத்தான் பார்ப்பாள். கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அவள் கணக்கு சரி.

சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பில் கேட்க வேண்டியது, வெல்டிங்கில் நான் கேட்காமல் விட்ட அதே கேள்விதான்: எத்தனை பேருக்கு எத்தனை மிக்சர், மைக் வைக்க எத்தனை முறை கை கிடைக்கும்? எதிர்வீட்டுப் பையன் ஒருவன் பெரிய தொகை கட்டி ஒரு வருஷம் படித்தான். முழுக்க லேப்டாப், ஹெட்போன். ஒரு நாள் கோயில் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். பாடகர் பாடியது ஒன்றாம் கட்டை. இவன் ஸ்பீக்கரில் வந்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, தாளமும் ஓட்டமாக. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஃபைலை மாற்றாமல் 48-ல் ஓடவிட்டிருக்கிறான். சினிமா, வீடியோ வேலை 48-ல்தான் நடக்கும், பாட்டு சிடி 44.1. இந்த அரிச்சுவடி படிப்பின் முதல் வாரத்தில் வந்திருக்க வேண்டும். என் மனைவி திரையைப் பார்க்கவே இல்லை, சமையல்கட்டிலிருந்தே “சுருதி ஏறியிருக்கு” என்றாள்.

மற்றவை சில்லறை. மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டாம். ரசீது இல்லாமல் கட்டவே வேண்டாம். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் படித்த பிள்ளை என்றால், இங்கே அரசு இடத்துக்குத் தகுதி உண்டா என்று விண்ணப்பத்துக்கு முன்பே விசாரியுங்கள். கன்னடம் பேசத் தெரியாமல் பீன்யாவில் காலம் தள்ளலாம், ஃபோர்மேன் ஆக முடியாது.

பட்டறைக்குள் போன முதல் வாரத்தில் நடக்கும் தவறுகளும் உண்டு. ஜாபைப் பிடிக்கும் சக்கின் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு லேத்தை ஓடவிடுவது. லேத்தில் கையுறை போட்டுக்கொள்வது. சுழலும் ஜாபில் நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும். கிரைண்டிங் வீலை மாட்டும் முன் தட்டிக் கேட்காதது. விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல வீல் வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ‘தொப்’ என்று செத்த சத்தம்.

அக்கா மகன் இப்போது வெல்டர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் தெருவுக்கு அடுத்த பட்டறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தவில் வாசிப்பான். ஆங்கிள் கிரைண்டர் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, மூன்று டெசிபல் ஏற ஏறப் பாதி நேரம்தான் தாங்கும். 100-க்குக் கணக்குப் போட்டால் கால் மணி நேரம். முதலில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தான், அதனால் ஒரு பயனும் இல்லை. நுரை பிளக்கை விரலில் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். பட்டறையில் அதைப் போட்டுக்கொள்கிறான். தவிலுக்கு உட்காரும்போது மட்டும், “நாயனம் கேக்க மாட்டேங்குது மாமா” என்று கழற்றிவிடுகிறான்.