செல்ஃப் மோட்டார் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் காலாப்பட்டு பக்கம் போனால் இப்போதெல்லாம் ஒன்றிரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் காராவது கண்ணில் படுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதே வண்டி ஏதாவது ஒரு ஷெட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். காரணம் பெரும்பாலும் கரண்ட். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த கோணங்கித்தனங்களையே இந்த வண்டிகளை வாங்கும் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

பேட்டரி டெர்மினலை இறுக்குங்கள், பல்பைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி நடக்கும் தவறுகளை எம்ஜிபி காரை வைத்தே சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி. அந்தக் காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் லூகாஸைத் திட்டுவது

இந்தக் கார்களின் மின்சாமான்கள் லூகாஸ் கம்பெனியுடையவை. சென்னையில் பாடிப் பகுதி வழியாகப் போனவர்களுக்குப் பழகிய பெயர். வெள்ளைக்காரர்கள் அதை ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் தலையை ஆட்டுகிறார்கள். ஐம்பது வருடம் ஆன செம்பு, அதுவும் கடற்கரை ஊரில். யார் செய்திருந்தாலும் பச்சை பிடிக்கத்தான் செய்யும்.

‘மீட்டர் 12 காட்டுதுண்ணே’

எனக்கு இன்றும் எரிச்சல் வரும் தவறு இதுதான். பணத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். எழுபதுகளின் எம்ஜிபி. செல்ஃப் எடுக்கவில்லை; சாவியைத் திருப்பினால் முனகிவிட்டு நின்றுவிடும். பேட்டரியை மாற்றினார். அப்படியே இருந்தது. இங்கிலாந்திலிருந்து செல்ஃப் மோட்டார் வரவழைத்தார்; அதற்கான கஸ்டம்ஸ் வரியைக் கேட்டால் வயிறு எரியும். அதையும் மாட்டினார், முனகல் போகவில்லை. அப்புறம் இக்னிஷன் சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். “எல்லா இடத்துலயும் 12 வோல்ட் வருதுண்ணே, மோட்டார்தான் டூப்ளிகேட் போலிருக்கு” என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: சோக் கேபிள் வேறு அடிக்கடி சூடாகிறதாம், அதையும் மாற்ற வேண்டுமாம்.

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே விடை இருந்தது.

எம்ஜிபியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வண்டியில் பாசிட்டிவ் பக்கம் தடித்த கேபிள் நேராக முன்னால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும். திரும்பி வரும் வழி பாடிதான்; அதைத்தான் எர்த் என்கிறோம். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் சேர்க்க ஒரு பின்னல் செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை கெட்டால், செல்ஃப் இழுக்கும் நூறு இருநூறு ஆம்பியரும் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்புக் கம்பி வழியாகப் பாடிக்குப் போகும். கேபிள் சூடாகாமல் என்ன செய்யும்?

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டை இருந்தது. பளபளவென்று புது பெயின்ட். முன்பு வைத்திருந்தவர் அடிப்பக்கத்துக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, அதன் மேலேயே பட்டையை வைத்து போல்ட் முறுக்கியிருக்கிறார். போல்ட்டைக் கழற்றினால் பட்டை நுனியிலிருக்கும் லக்கின் உள்பக்கம் பாசி மாதிரி பச்சை. ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிச் சாவியைத் திருப்பினோம். பழைய பேட்டரியிலேயே செல்ஃப் சுற்றியிருக்கும் போல. அப்படி ஒரு வேகம். உப்புத்தாள் வைத்து இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். வேலை முடிந்தது. தம்பி வாங்கிய சாமான் எல்லாம் டிக்கியில் கிடந்தது.

சரி, மீட்டர் ஏன் 12 காட்டியது? மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் மிச்ச ஒன்றில் 12 வந்து சேரும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போய்விட்டார் என்பதற்காக லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா? ஓம்ஸில் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஆனால் 200 ஆம்பியர் போகும்போது அந்த 0.01 ஓமே 2 வோல்ட்டை விழுங்கிவிடும்.

லோடு ஓடும்போது, அதாவது செல்ஃப் கரண்ட் இழுக்கும்போது அளக்க வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் வெள்ளை ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை இன்ஜினில் சுத்தமான இரும்பின் மேல். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளை மேலேயே, கிளாம்ப் மேல் அல்ல. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். கறுப்பு முனையைக் கிளாம்ப், பாடி போல்ட், இன்ஜின் பக்கத்துப் பாடி என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இடம் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? அதுவும் எர்த்தாகத்தான் இருக்கும். டெயில் லாம்ப் போல்ட்டைத் தேயுங்கள்.

ஃபியூஸில் எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், 35 ஆம்பியரில் அது எரிந்துபோகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17தான். கடையில் வாங்கும் வேறு ஃபியூஸில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவாக இருக்கலாம். அதைப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்.

எல்லா ஒயரையும் கறுப்பு டேப்பில் சுற்றுவது

நிறம் போனால் வழி போச்சு.

பழுப்பு எப்போதும் லைவ்; வெள்ளை இக்னிஷன்; பச்சை இக்னிஷன் போட்ட பின் ஃபியூஸ் வழியாக வருவது; ஊதாவுக்கு ஃபியூஸ் உண்டு, ஆனால் எப்போதும் லைவ்; கறுப்பு எர்த்.

பேட்டரியைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குள் கை விடுவது

பழுப்பு ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பட்டால் தெரியும்.

வருடத்தை நம்பி பாசிட்டிவ், நெகட்டிவ் முடிவு செய்வது

1967 வரை வந்த எம்ஜிபிக்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் சேரும். அதன்பிறகு வந்தவை நெகட்டிவ். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 1965 என்று இருப்பதால் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்தக் காலத்து ஸ்டீரியோவை மாட்டினால், அதன் மெட்டல் பெட்டி பாடியைத் தொட்டதுமே ஷார்ட்.