எடைக் குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அவசரம்

தை பிறந்ததும் ஒரு கூட்டம், கல்யாண சீசனுக்கு முன் இன்னொரு கூட்டம். உணவு ஆலோசனைக்காக என்னிடம் வரும் முகங்கள் மாறினாலும் செய்யும் தவறுகள் மாறுவதில்லை. பரோட்டா, பஜ்ஜி, குளிர்பானம் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரியாதவை அல்ல. நல்லது என்று நம்பி, கஷ்டப்பட்டுச் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

காலையில் தேன் கலந்த வெந்நீர்

ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. கொழுப்பை அது கரைக்காது.

பாதி வயிறாக ஒரு மாதம்

எத்தனை வருடமானாலும் எனக்குக் கோபம் வருவது இதன்மேல்தான்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓர் அம்மா இதைத் தொடங்கினார். காலையில் கஞ்சித்தண்ணீர், மதியம் வெள்ளரிக்காயும் மோரும், ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல். ஒன்பது கிலோ இறங்கியது. கல்யாண வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஆடியில் என்னிடம் வந்தபோது பழைய எடைக்கும் மேலே மூன்று கிலோ கூடியிருந்தார். மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்றார். கடைசியில் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை: "எனக்கு வாயைக் கட்டத் தெரியல மேடம், எல்லாம் என் தப்புதான்."

அவர் தப்பு இல்லை. உடம்பு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால் முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு செலவானதும் நீரும் வெளியேறும், எடை மெஷினில் முள் இறங்கும், மனம் குளிரும். அதன் பிறகு கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையத் தொடங்குகிறது. கஞ்சியிலும் வெள்ளரிக்காயிலும் தசையைக் காப்பாற்றும் அளவுக்குப் புரதம் கிடையாது. எடை திரும்பி வரும்போதோ பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. போன தசையைப் பயிற்சி செய்துதான் மீட்க முடியும். அந்த அம்மா கைப்பிடியைத் தேடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பசியும் சும்மா இருக்காது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. நம் ஊரில் சுற்றும் பல டயட் பட்டியல்களைவிட அது அதிகம். அந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். சோதனை முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. 2016இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. தொலைக்காட்சிப் போட்டியில் மிக வேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் ஓய்வில் உடல் எரிக்கும் சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே நின்றது. முடி உதிர்வும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வருவதால், காரணம் அந்தப் பட்டியல்தான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இதற்குப் பதிலாக அந்த அம்மாவுக்கு நான் சொன்னது மிகச் சாதாரணமானது. மதியச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், ஏனென்றால் ஒரு லிட்டர் எண்ணெய் என்பது எட்டாயிரம் கலோரி. நாற்காலியில் கைப்பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி, வாரத்தில் மூன்று நாள். ராத்திரிச் சாப்பாடு கட்டாயம் உண்டு. வாரத்துக்குக் கால் கிலோ குறைந்தால் போதும். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆமாம், இவ்வளவுதான். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் செய்ய முடிகிற அளவுதான் வேண்டும்.

அரிசிக்குப் பதில் சிறுதானியம், அளவு பழையபடி

கேழ்வரகிலும் தினையிலும் நார்ச்சத்து கூடுதல், நல்ல உணவு. ஆனால் எடைக்கு எடை, கலோரி அரிசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு தோசை தினை மாவில் ஊற்றினாலும் நான்கு தோசைதான்.

கொள்ளு ரசத்தைச் சாதத்தின் மேலே ஊற்றிக்கொள்வது

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசம் வைக்கிறார்கள். கொள்ளில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதால் பசி தாங்கும். அந்தப் பலன், சாதத்தின் இடத்தைக் கொள்ளு பிடித்தால்தான் கிடைக்கும். வழக்கமான சாதத்தின் மேல் தெளிந்த ரசமாக ஊற்றினால் எதுவும் குறையாது.

தினமும் மெஷினில் ஏறி அழுவது

முந்தைய நாள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால், மாதவிலக்கு நெருங்கினால், ஒரே நாளில் ஒரு கிலோ கூடிக் காட்டும். அது கொழுப்பு அல்ல. வாரம் ஒரு முறை பாருங்கள். அதைவிட ஒரு தையல் டேப் வாங்கி இடுப்பை அளப்பது நல்லது. நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

முள் அசையாவிட்டால் முயற்சியே வீண் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை எப்போதும் சொல்வேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்றுத்தரப்பட்டவர்களில் 39 சதவீதம். அந்த இரண்டாவது குழுவினரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை.

சர்க்கரை மாத்திரையோடு பட்டினி

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடத் தன்னிச்சையாக விடக்கூடாது. சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். டாக்டரிடம் மாத்திரை அளவைப் பேசிவிட்டு என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள்.