வைன் பொங்கினால் மூடியை இறுக்காதீர்கள்

இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வேலியோரமெல்லாம் பிளாக்பெர்ரி பழுத்துக் கிடக்கும், பறிக்கக் காசு கிடையாது, அதனால் புதிதாக வைன் போடுகிற பலரும் அதில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். டெமிஜான் என்கிற 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக்கை (உள்ளே வரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) செருகிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் சமையலறைக் கூரையெல்லாம் ஊதாப் புள்ளி. வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிகிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறையப் பாதியை ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு கிலோ சர்க்கரை முழுதும் நொதித்தால் 250 லிட்டருக்கு மேல் வாயு வரும், அதில் பெரும்பங்கு முதல் சில நாளிலேயே. அவ்வளவும் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியேற வேண்டிய நேரத்தில் பழத்தோல் ஒன்று அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பால் பொங்கும்போது தட்டைப் போட்டு அமுக்குவோமா? இடமும் வழியும் விட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதல் நான்கைந்து நாளுக்கு ஜாடியே வேண்டாம். 10 லிட்டர் வாளி ஒன்றில் சக்கையோடு நொதிக்க விடுங்கள், மேலே சுத்தமான துணியோ இறுக்காத மூடியோ போதும். காலையும் மாலையும் கரண்டியால் மேலே மிதக்கும் சக்கையை உள்ளே அமுக்குங்கள், காய விட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் வடிகட்டி ஜாடிக்கு மாற்றுங்கள், ஆனால் ஐந்தில் நான்கு பங்குதான். மிச்சத்தை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, வாயில் பஞ்சு வைத்துவிடுங்கள், பொங்கல் அடங்கியதும் ஜாடியை நிரப்ப உதவும்.

ஜாடியிலும் நுரை ஏறினால் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, அதே அடைப்பானில் அகலமான குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் முக்கி வையுங்கள். நுரை தாராளமாக வெளியே போகும். எதற்கும் ஜாடியை ஒரு அகலமான தொட்டிக்குள் நிறுத்துங்கள்.

சூடும் முக்கியம். நொதிக்கும்போதே வெப்பம் வரும், அது வேகத்தைக் கூட்டும். 18 முதல் 22 டிகிரி வசதியானது. மீறினால் ஈரத்துணியைச் சுற்றி நிழலான மூலைக்கு நகர்த்துங்கள். சர்க்கரை முழுவதையும் ஒரே நாளில் கொட்டாமல் பாதி இன்று, பாதி நான்கு நாள் கழித்து என்று போட்டாலே ஆட்டம் குறையும். இரண்டாவது பாதியைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பொங்கிக்கொண்டிருக்கும் வைனில் உலர்ந்த சர்க்கரையையோ ஈஸ்ட் உணவுப் பொடியையோ தூவினால் கரைந்திருக்கும் வாயு மொத்தமாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும்.

ஏர்லாக் அடைத்துக்கொண்டதா? முகத்தைத் தள்ளி வைத்து, மேலே தடித்த துண்டைப் போட்டு, அடைப்பானை மெல்ல அசைத்து வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அறையில் சன்னல் திறந்திருக்கட்டும்.

பாட்டிலில் அடைக்க அவசரமே வேண்டாம். ஹைட்ரோமீட்டர் (வைனில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கருவி, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) 0.990-க்கும் 1.000-க்கும் இடையே வந்து, சில நாள் இடைவெளியில் பார்த்தாலும் எண் மாறாமல் நின்றால்தான் அடைக்கலாம். இல்லாவிட்டால் பாட்டிலே வெடிக்கும்.

(இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்குப் போடலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு சரி, மதுவிலக்குச் சட்டம் வீட்டில் போட இடம் தராது.)