சாட்டிவா வகைக் கஞ்சாவின் விவர அட்டையை வாசிப்பது எப்படி? தொடங்குவோருக்கான விளக்கம்

"சாட்டிவா 70 சதவீதம், இண்டிகா 30 சதவீதம். பூக்கும் காலம் 10 முதல் 12 வாரம். உயரமாக வளரும். டிஎச்சிஏ 22 சதவீதம், டிஎச்சி 0.8 சதவீதம். முதன்மை டெர்பீன்: டெர்பினோலின். உற்சாகம் தரும், பகல் நேரத்துக்கு ஏற்றது."

கஞ்சா சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் சாட்டிவா வகை ஒன்றின் விவர அட்டை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இது எடுத்துக்காட்டுக்காக நான் எழுதிய அட்டை. இதன் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு தரத்தில் நம்பத்தக்கது. சில வரிகள் ஆய்வகத்தில் அளக்கப்பட்டவை, சில வளர்ப்பவரின் அனுபவம், சில வெறும் விளம்பரம். புதியவர்கள் பெரும்பாலும் விளம்பர வரியை நம்பி, அளந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாட்டிவா என்ற பெயரிலிருந்து செடி எப்படி வளரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். அது நம் உடலில் என்ன செய்யும் என்பதை அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குங்கள். கையில் விவர அட்டை, அந்தச் சரக்குத் தொகுதிக்கான ஆய்வகச் சான்றிதழ், ஒரு கணிப்பான் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

படி 1: முதலில் சட்டம்

உருகுவே 2013இல் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்கு அனுமதி உண்டு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் ஒருவர் மூன்று செடிகள் வரை வீட்டில் வளர்க்கலாம். இன்னும் பல நாடுகளில் ஒரே ஒரு செடிக்கும் சிறைத் தண்டனை உண்டு. நீங்கள் வாழும் இடத்தில் அனுமதி இல்லையென்றால், இந்த விளக்கம் உங்களுக்குப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு மட்டுமே.

படி 2: "70க்கு 30" என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிடப்பட்ட செடிக்கு கன்னாபிஸ் சாட்டிவா என்று பெயரிட்டார். இன்னொரு தாவரவியலாளரான லாமார்க் 1785இல் இந்தியாவிலிருந்து வந்த செடியை வேறு இனமாகக் கருதி இண்டிகா என்றார். அவர் விவரித்தது குறுகிய இலை கொண்ட செடி. இன்றைய சந்தையோ, இந்துகுஷ் மலைப்பகுதியைச் சேர்ந்த குட்டையான, அகன்ற இலைச் செடியை இண்டிகா என்றும், வெப்பமண்டலத்தின் உயரமான, குறுகிய இலைச் செடியை சாட்டிவா என்றும் அழைக்கிறது. அதாவது லாமார்க் இண்டிகா என்றதற்கு நெருக்கமான செடிதான் இன்று கடைகளில் சாட்டிவா என்ற பெயரில் விற்கிறது!

அந்த 70 சதவீதத்தை எந்தக் கருவியும் அளப்பதில்லை. தாய்ச் செடி, தந்தைச் செடி பற்றி வளர்ப்பவர்கள் சொல்லிவரும் வம்சாவளியைக் கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண் அது. நேச்சர் பிளாண்ட்ஸ் இதழில் 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தப் பெயர்களுக்கும் செடிகளின் ஒட்டுமொத்த மரபணு அமைப்புக்கும் வலுவான தொடர்பு இல்லை என்று காட்டியது. ஒரு சில வாசனைச் சேர்மங்களோடு மட்டுமே தொடர்பு தெரிந்தது. வளர்ப்பவர்கள் மணத்தை வைத்தே பெயர் சூட்டி வந்திருக்கக்கூடும். வகைப் பெயர்களின் நிலையும் மெச்சும்படி இல்லை. ஒரே பெயரில் வெவ்வேறு கடைகளில் வாங்கிய மாதிரிகள் மரபணு அளவில் வேறுபட்டிருந்ததை 2019இல் வந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

படி 3: வளர்ச்சி வரிகளை நிதானமாக வாசியுங்கள்

அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு செடியின் பூர்வீக நிலத்தின் தட்பவெப்பம் முழுவதும் இந்த வரிகளுக்குள் இருக்கிறது.

இலையிலிருந்து தொடங்குங்கள். குறுகிய இலை வகையில், ஒரே காம்பின் நுனியிலிருந்து ஒன்பதோ பதினொன்றோ மெல்லிய சிற்றிலைகள் விரிந்திருக்கும். விளிம்பு முழுவதும் ரம்பப் பல் போன்ற வெட்டுகள். நிறம் வெளிர் பச்சை. தண்டில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைவெளி அதிகம். அகன்ற இலை வகையில் சிற்றிலைகள் குறைவு, அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கரும்பச்சையாக இருக்கும்.

அடுத்து "பூக்கும் காலம் 10 முதல் 12 வாரம்". விதை முளைத்த நாளிலிருந்து எண்ணுவதாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பூக்கத் தொடங்கிய பிறகு ஆகும் காலம்தான் அது. இலையும் தண்டும் வளரும் வாரங்களைத் தனியாகக் கூட்ட வேண்டும். கஞ்சா இரவின் நீளத்தைக் கணித்துப் பூக்கும் செடி. உள்ளரங்கில் 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் தடையில்லா இருட்டு என்ற அட்டவணையில்தான் பொதுவாகப் பூக்க வைக்கிறார்கள். இருட்டு வேளையில் வெளிச்சம் புகுந்தால் பூப்பு குழம்பும்.

சாட்டிவாவுக்கு ஏன் இவ்வளவு நாள்? நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, உறைபனியும் இல்லை. தாய்லாந்திலும் கொலம்பியாவிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த செடிக்கு அவசரமே இருந்ததில்லை. இந்துகுஷ் மலைச் செடிக்கோ குளிர் வருவதற்குள் விதை முற்றியாக வேண்டும், ஆகவே அது எட்டு, ஒன்பது வாரங்களில் முடித்துக்கொள்கிறது. வட ஐரோப்பாவில் திறந்தவெளியில் தூய சாட்டிவாவை வளர்த்தால் பூ முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அங்கே கலப்பினங்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"உயரமாக வளரும்" என்ற வரியையும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூக்கும் கட்டம் தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்தச் செடி விறுவிறுவென நீளும். அப்போது இருந்ததைப் போல இரண்டு மடங்கு, சில வகைகளில் அதற்கும் மேலாக உயரும். விதை நிறுவனங்கள் தூய சாட்டிவாவை "அனுபவசாலிகளுக்கு" என்று ஒதுக்குவது இந்த உயரத்தையும் நீண்ட காத்திருப்பையும் வைத்துத்தான். ஈடாக ஒரு நன்மையும் உண்டு. பூங்கொத்து நெருக்கமில்லாமல் காற்றோட்டமாக அமைவதால், ஈரப்பதமான சூழலில் பூஞ்சை தாக்குவது குறைவு.

"பெண் விதை" என்று அச்சிட்டிருந்தால், ஆண் செடி முளைக்காத வகையில் உருவாக்கிய விதை என்று பொருள். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள், மகரந்தம் காற்றில் பரவும். மகரந்தம் பட்ட பெண் செடி தன் சக்தியை விதைக்குத் திருப்பிவிடும், போதைச் சேர்மம் அடங்கிய பிசின் குறைந்துவிடும். "தானியங்கிப் பூப்பு" என்பது ருடெராலிஸ் என்ற இன்னொரு கஞ்சா வகையின் வழிவந்த குணம். அந்தச் செடி இரவின் நீளத்தைப் பார்க்காமல் வயதை வைத்தே பூக்கும். விளைச்சலை கிராமில் சொல்லும் வரியை நான் பொருட்படுத்துவதே இல்லை. மிகச் சிறந்த சூழலில் விற்பவர் எடுத்த அளவு அது.

படி 4: டிஎச்சி எண்ணை நீங்களே கணக்கிடுங்கள்

பத்து மடங்கு உருப்பெருக்கும் ஒரு லென்ஸை பூவின் மேல் வைத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு காம்புகளின் தலையில் கண்ணாடிக் குமிழ்கள் நிற்கும். பிசின் சுரப்பது அங்கேதான். தெளிவாக இருக்கும் குமிழ் முற்ற முற்றப் பால் நிறமாகி, பிறகு தேன் நிறத்துக்கு மாறும். அந்தப் பிசினில் இருப்பது பெரும்பாலும் போதை தரும் சேர்மமான டிஎச்சி இல்லை, அதன் அமில வடிவமான டிஎச்சிஏ. சூடுபட்டால்தான் கரியமில வாயுவை இழந்து டிஎச்சியாக மாறும். பச்சைப் பூவை மென்றால் போதை பெரிதாக ஏறாததற்கு இதுவே காரணம்.

அமில வடிவத்தின் எடையில் 0.877 பங்குதான் டிஎச்சியாக மிஞ்சும். நம் அட்டையின்படி 22ஐ 0.877ஆல் பெருக்கினால் 19.3. அதோடு 0.8ஐக் கூட்டினால் ஏறக்குறைய 20 சதவீதம். ஒரு கிராம் பூவில் 200 மில்லிகிராம். அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் 2021 முதல் ஓர் அலகாகக் கொள்வது 5 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிராமில் 40 அலகுகள். புகைக்கும்போது கணிசமான பகுதி வீணாகும் என்றாலும், புதியவருக்கு இது மிக அதிகம். கனடா அரசின் அறிவுரை, தொடங்குவோர் 10 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள பூவையும், உண்ணும் பொருளானால் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ உள்ளதையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

இந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கொலராடோவில் விற்கப்பட்ட பூக்களை மறுசோதனை செய்த 2023 ஆய்வில், பெரும்பாலானவற்றில் அட்டை சொன்னதைவிட டிஎச்சி குறைவாகவே இருந்தது.

படி 5: வாசனை வரி

டெர்பினோலின், மிர்சீன், லிமோனீன், பைனீன் ஆகியவை கஞ்சாவில் அதிகம் காணப்படும் வாசனைச் சேர்மங்கள். இவற்றைத்தான் டெர்பீன் என்கிறார்கள். சாட்டிவா என்று விற்கப்படும் பல வகைகளில் டெர்பினோலின் தூக்கலாக இருக்கும், பைன் மரமும் பூவும் கலந்த மணம் வரும். இவை எளிதில் ஆவியாகும் என்பதால் சோதனைத் தேதியைப் பாருங்கள். டெர்பீனை வைத்து மனநிலையை முன்கூட்டியே சொல்லும் பட்டியல்களுக்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் ஆதரவு இன்னும் போதுமானதாக இல்லை.

படி 6: விளைவு வரியைக் கடைசியில் வாசியுங்கள்

டிஎச்சியை 1964இல் தனிமைப்படுத்திக் கட்டமைப்பைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலின் கயோனியும் மெக்கூலமும். அது மூளையில் சென்று பற்றும் சிபி1 ஏற்பியை 1988இல் வேறு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். செடி உயரமா குட்டையா என்பது அந்த ஏற்பிக்குத் தெரியாது. விளைவைத் தீர்மானிப்பவை அளவு, உட்கொள்ளும் வழி, பழக்கம், அப்போதைய மனநிலை ஆகியவைதான்.

புகைத்தால் சில நிமிடங்களில் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கும். உண்டால் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் டிஎச்சியை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுவதால் பல மணி நேரம் நீடிக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இடையில் இன்னொரு துண்டு உண்பதுதான் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. சாட்டிவா அட்டைகள் கொண்டாடும் "உற்சாகம்" அளவு கூடும்போது படபடப்பாகவும், விரைந்த இதயத் துடிப்பாகவும், சந்தேக எண்ணமாகவும் மாறக்கூடும். கஞ்சாவின் போதை தராத சேர்மமான சிபிடி மிகக் குறைந்து டிஎச்சி மட்டும் மிகுந்த பூவில் இந்த அபாயத்தை மனத்தில் கொள்ளுங்கள். தன்னிடமோ குடும்பத்திலோ மனச்சிதைவு வரலாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், பதின்ம வயதினர் இதைத் தொடவே கூடாது. உட்கொண்டவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

படி 7: தொகுதி எண்

அட்டையில் உள்ள தொகுதி எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். இரண்டும் வேறானால், அல்லது சான்றிதழே இல்லையென்றால், நீங்கள் இதுவரை கணக்கிட்ட எண்கள் வேறு ஏதோ ஒரு பூவுக்கானவை. பூஞ்சைக்கும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் சோதித்த பக்கம் அந்தச் சான்றிதழில்தான் இருக்கும். அது இல்லாத பொட்டலத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.