எர்த் ஒயரும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும்

என் பழைய பேஸ் கிட்டாரில் ஓயாத இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை; கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டதும் அடங்கியது. அப்போதே புரிந்தது, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜுக்கு வரும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பிரிட்ஜைக் கழற்றினால், ஒயரின் நுனி பச்சை பூத்து அறுந்து கிடந்தது. நுனியைச் சீவி, இழைகளை விசிறிபோலப் பரப்பி, பிரிட்ஜை மேலே வைத்து இறுக்கித் திருகினேன். இரைச்சல் நின்றது.

கையோடு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி மாட்டி, ஒலி நீளாமல் அமுங்க பிரிட்ஜ் ஓரம் கம்பிகளுக்கடியில் ஸ்பாஞ்ச் செருகினேன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எழுப்பிய அந்த உருண்டையான 'தும்' எனக்கு உயிர். தம்பிக்கோ, ஃப்ரெட் எனும் கழுத்தின் குறுக்குப் பட்டைகள் இல்லாத பேஸுக்கு எப்பாக்ஸி பிசின் பூசி வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸ்தான். "பாட வேண்டியதை இப்படி அமுக்கிட்டீங்களேண்ணே" என்றான். அவனுக்காகவே ஸ்பாஞ்சை ஒட்டவில்லை, உருவினால் வந்துவிடும்.